சிவப்பு விளக்கில் சொன்ன கோல்கள்

பதினேழு வருடம் உதைபந்தாட்டமே தொழிலாக இருந்த ஒரு பல்கேரியரின் கடைசி ஆட்டத்தை முடித்து வைத்தவன் நான். அவருடைய ஊரில் அவரைத் தடுக்க நின்ற பெரிய பெரிய ஆட்களால் முடியாததை, கனடாவின் ஸ்காபுரோவில், காற்றடைத்த கூரைக்குக் கீழே, ஒரு விசிலையும் இரண்டு மஞ்சள் அட்டைகளையும் வைத்துக்கொண்டு செய்து முடித்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. நான் அந்த ஆட்டத்தின் நடுவர்.

வாரத்தில் ஐந்து நாள் பஸ் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்கிறேன். இந்த வயதுக்காரரைச் சமாளிப்பது கலியாண வீட்டில் பந்திக்கு ஆள் விடுவது போன்ற வேலை. எல்லோருக்கும் நியாயம் தங்கள் பக்கம்தான். அதனால் கொடுத்த முடிவை மாற்றுவதில்லை என்று முதல் வருடமே தீர்மானித்துவிட்டேன். இந்த ஆட்டம் வரை, பன்னிரண்டு வருடத்தில் ஒருதடவைகூட மாற்றவில்லை. லீக்கில் எனக்கு அப்படி ஒரு பெயர், நானும் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். வீட்டிலும் இவர் அப்படித்தான் என்று என் மனைவி வருகிறவர்களிடம் சொல்லுவாள். அவள் சொல்லும் தொனியில் அது பாராட்டாகத் தெரிவதில்லை.

எனக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. ஆட்டத்துக்கு முன்னர் சட்டைப்பைக் கொப்பியில் யார் யார் வம்புக்காரர் என்று இலக்கத்தைக் குறித்து வைப்பேன். நடுவர்கள் எங்களுக்குள் இதைப் பரிமாறிக்கொள்வதும் உண்டு. பல்கேரியரின் இலக்கம் ஒன்பது. அதற்கு நேரே நான் எழுதியிருந்தது ஒரே சொல்: விழுவார்.

உண்மையாகவே விழுவார். பெனல்டிப் பெட்டிக்குள் யாராவது பக்கத்தில் மூச்சு விட்டாலே போதும், கையை விரித்துக்கொண்டு போய் அழகாக விழுவார். அந்தக் குளிர்காலத்தில் மட்டும் இரண்டு தடவை என் கண்ணில் மண்ணைத் தூவிப் பெனல்டி வாங்கியிருந்தார். பின்னர் யோசித்துப் பார்த்தபோது எனக்கு அது புரிந்தது. நான் கறுவிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னர், ஏப்ரல் மாதம், குளிர்காலப் போட்டியின் கடைசி நாள். வெளியே இன்னும் பனி கிடந்தது. அவருடைய அணிக்காரர் கேக் ஒன்று கொண்டுவந்து வாங்கில் வைத்திருந்தார்கள். நாற்பத்திரண்டு வயது, முழங்கால் தேய்ந்துவிட்டது, இதற்குமேல் ஆடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம், இதுதான் கடைசி ஆட்டம் என்று அணித்தலைவர் என்னிடம் வந்து சொன்னார். கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்பதுதான் அதன் பொருள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கேக்குக்காக விசில் ஊதுகிற ஆள் நான் இல்லை.

தொடங்கும்போதே சண்டை. அவருடைய மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு நூல் இருந்தது. கையில் எதுவும் கட்டியிருக்கக் கூடாது, கழற்றுங்கள் என்றேன். அவர் மாட்டேன் என்றார். மார்ச் முதலாம் திகதி வீட்டில் உள்ளவர்கள் கட்டிவிடுவார்களாம், அந்த வருடத்தின் முதல் பூத்த மரத்தைக் காணும்வரை கழற்றக் கூடாதாம், அது அவர்கள் ஊர் வழக்கமாம். கண்டதும் அதை அந்த மரத்திலேயே கட்டிவிட வேண்டுமாம். ரொறன்ரோவில் ஒரு மரமும் பூக்கவில்லை என்றால் நான் என்ன செய்வது என்று கேட்டார். பிறகு என் கையைப் பார்த்தார். என் மணிக்கூட்டுப் பட்டிக்குக் கீழே கோயிலில் கட்டிய காப்பு நூல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியானால் இது என்ன என்றார். நான் விளையாட வரவில்லை என்று சொல்லி மஞ்சள் அட்டையைக் காட்டினேன். இரண்டு அணிக்காரரும் சிரித்தார்கள். அவர் நூலை அறுக்காமல் மெதுவாக உருவி, கரையில் நின்ற ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுத்தார்.

இரண்டாவது பாதியில் அவர் பெட்டிக்குள் பந்தை வாங்கித் திரும்பினார். தடுக்க வந்தவர் ஒரு அடி தள்ளித்தான் நின்றார். பல்கேரியர் விழுந்தார், முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினார். நான் ஓடத் தொடங்கும்போதே என் கை சட்டைப்பைக்குள் போய்விட்டது. நடித்ததற்கு மஞ்சள், இரண்டு மஞ்சளுக்குச் சிவப்பு. இரண்டு பேர் தோள் கொடுத்து அவரை வெளியே கூட்டிப் போனார்கள். அதையும் நடிப்பின் மிச்சம் என்றே எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் மனைவிக்குச் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அஜின்கோர்ட்டில் ஒரு தரிப்பிடத்தில் பஸ்ஸை நிறுத்தினேன். இரண்டு ஊன்றுகோல்களோடு ஒருவர் நின்றார். அந்தப் பல்கேரியர்தான். எங்கள் பஸ்களில் ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் முன்பக்கம் மூச்சு விட்டுக்கொண்டு நடைபாதை மட்டத்துக்குப் பணியும். அதை அழுத்தினேன். அவர் ஏறி, நன்றி சொல்லி, எனக்கு நேரே பார்த்த முதல் இருக்கையில் உட்கார்ந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடி, சீருடை, இடையில் கண்ணாடித் தடுப்பு. அதோடு ஆட்டக்காரர்கள் நடுவரின் கையைத்தான் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பதில்லை.

என்ன நடந்தது என்று எந்த மனிதரும் கேட்கிற கேள்வியை நானும் கேட்க வேண்டி வந்தது. முழங்காலுக்குள் ஒரு நார் அறுந்துவிட்டது, உதைபந்தாட்டம் ஆடும்போது, யாரும் தொடவில்லை, திரும்பும்போது தானாக அறுந்தது என்றார். ஒப்பரேஷன் முடிந்து இப்போது மில்லிக்கன் பக்கத்தில் உள்ள ஒரு கிளினிக்கில் உடற்பயிற்சிக்குப் போகிறாராம், செவ்வாயும் வியாழனும். பச்சை விளக்கு விழுந்தது. நான் வீதியைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். அன்று இறங்கும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பஸ் ஓடும்போது சாரதியோடு பேசக் கூடாது என்பது விதி. அவர் ஒழுங்கான பயணி, சிவப்பு விளக்கில் மட்டும் பேசுவார், பச்சை விழுந்ததும் வசனத்தைப் பாதியில் விட்டுவிடுவார். அப்படித்தான் அவருடைய பதினேழு வருடத்தையும் நான் கேட்டேன், விளக்கு விளக்காக. ஸ்டீல்ஸ் சந்தியில் விளக்கு நீளம். நல்ல கோல்களை அவர் அதற்கென்று எடுத்து வைத்திருப்பார். எங்கள் இருவரின் ஆங்கிலமும் இரண்டு திசையில் நொண்டும். அவர் பேசியதை என் பேச்சிலேயே எழுதுகிறேன். அவருடைய ஆற்றாமை யாழ்ப்பாணத் தமிழில் சரியாகத்தான் பொருந்துகிறது.

டனூப் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். தகப்பன் ரயில்வேயில் வேலை. பதினாறு வயதில் இரண்டாம் பிரிவு அணியில் சேர்த்தார்கள். சப்பாத்து இரண்டு அளவு பெரிது, முன்னுக்குக் கடதாசி அடைத்துக்கொண்டுதான் ஓடினாராம். முதல் கோல் பாதத்தில்கூடப் பட்டதல்ல, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் பட்டு உள்ளே போனது. தலைநகரத்தில் ஒரு பெரிய அணி வாங்கிப் போய் ஒரு வருடம் முழுக்க ஆடவிடாமல் கரையில் வாங்கிலேயே இருத்தி வைத்தது. அந்த வருடம் சூரியகாந்தி விதை கொறிக்க மட்டும் நன்றாகப் பழகினேன் என்றார். பிறகு சைப்பிரசில் ஒரு பருவம், திரும்பவும் தன் ஊர். நாட்டின் அணிக்கு இரண்டு தடவை கூப்பிட்டார்கள், அதில் ஒரு தடவை பதினொரு நிமிடம் ஆடவிட்டார்கள். அந்தப் பதினொரு நிமிடத்தை அவர் எனக்கு மூன்று சிவப்பு விளக்குகளில் சொன்னார். பந்து காலில் பட்டது நான்கு தடவை. நான்கையும் ஊன்றுகோலால் நிலத்தில் தட்டிக் காட்டினார்.

விழுகிற வித்தையையும் ஒளிக்கவில்லை. தன்னைவிட மூத்த ஆட்டக்காரர் ஒருவர் காட்டிக் கொடுத்தாராம். ஓடும்போது பின்னங்காலை ஒரு கணம் பிந்தி எடுக்க வேண்டும், தடுக்கிறவனே வந்து முட்டுவான், மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். அவருடைய ஊரில் அது கெட்டிக்காரத்தனம். விழத் தெரியாத முன்கள வீரனுக்குச் சாப்பாடு கிடைக்காது என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. என் கொப்பியில் எழுதியது பிழையில்லை என்று ஒரு குரங்குப் புத்தி உள்ளே குதித்தது. அந்தச் சந்தோஷம் அடுத்த விளக்குவரை நிற்கவில்லை.

அடுத்த விளக்கில்தான் மகளைப் பற்றிச் சொன்னார். பன்னிரண்டு வயது, ஸ்காபுரோவில் ஒரு பெண்கள் அணியில் அவளும் முன்னுக்கு ஆடிக்கொண்டிருந்தாள். யாரோ பள்ளிக்கூடத்தில் அவருடைய பழைய வீடியோ ஒன்றைத் தேடி எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். கோல்கள் இல்லை, விழுந்தவைகளை மட்டும் ஒட்டிச் சேர்த்த வீடியோ. அவள் வீட்டுக்கு வந்து, இது கள்ளமா என்று கேட்டிருக்கிறாள். நீ பார்த்துக்கொண்டு நிற்கும் ஆட்டத்தில் நான் ஒருநாளும் விழமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்திருக்கிறார். அவள் கடைசி ஆட்டத்துக்கு வந்தாள். மார்ச்சில் தகப்பனின் கையில் நூல் கட்டியவளும் அவள்தான். அன்று அவர் விழுந்தார். நடுவர் அட்டையைக் காட்டினார்.

"கால் அறுந்தது எண்டு சொன்னன். பொய்யுக்கு விழுந்ததாலைதான் அறுந்தது எண்டு நினைக்கிறாள்," என்றார். "றெஃப்ரி சொல்லிப்போட்டார்தானே. றெஃப்ரியை நம்பவேணும் எண்டு அவளுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தனான்."

அன்றிலிருந்து அவள் பயிற்சிக்குப் போகவில்லையாம். சண்டை இல்லை, அழுகை இல்லை. சப்பாத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டாள், அவ்வளவுதான். அவள் கோபித்தால் ஏதாவது சொல்லலாம், ஒன்றும் கேட்காத பிள்ளைக்கு எதைச் சொல்வது என்று அவர் கேட்டார். பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. பச்சை விழுந்து எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் மனைவியிடம் முழுவதையும் கொட்டினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்து, இவ்வளவு நாளும் அந்த மனுசனைக் கதைக்க விட்டுக் கேட்டுக்கொண்டா இருந்தீர்கள் என்றாள். நான் பூசி மெழுகப் பார்த்தேன். அந்த இடத்தில் நின்ற எந்த நடுவரும் அதைத்தான் செய்திருப்பான், அவர் அப்படிப்பட்ட ஆள், வீடியோவே இருக்கிறது என்றேன். அவள் பிட்டுக் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

எங்கள் வேலையில் சில வாரங்களுக்கு ஒருதடவை யார் எந்த ரூட் ஓட்டுவது என்று தெரிவு வரும். அதிக காலம் வேலை செய்தவர் முதலில் எடுக்கலாம். ஓகஸ்டில் அது வந்தது. எனக்கு இருபது வருட மூப்பு, கண்ணை மூடிக்கொண்டு வேறு ரூட் ஒன்றை எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் செப்டெம்பரில் இருந்து அவரை நான் காண வேண்டியதில்லை, கதையும் அத்தோடு முடிந்திருக்கும். உண்மையைச் சொல்கிறேன், அப்படிச் செய்யத்தான் போனேன். பட்டியலில் விரலை வைத்தும் பார்த்தேன். மனைவியிடம் போனில் சொன்னபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப அந்தப் பிள்ளை?"

பழைய ரூட்டிலேயே கையெழுத்து வைத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை ஸ்டீல்ஸ் நீள விளக்கில் அவர் தொடங்குவதற்கு முன்னர் நான் தொடங்கினேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். அந்த நடுவர் நான்தான் என்றேன். அவர் முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு விளங்கியது. முகத்தில் ஒவ்வொன்றாக எல்லாம் அணைந்ததை நான் பார்த்தேன். அவர் திட்டுவார் என்று ஆயத்தமாக இருந்தேன், திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். பச்சை விழுந்தது, நான் ஓட்ட வேண்டியிருந்தது. தன் தரிப்பிடத்துக்கு இரண்டு தரிப்பிடம் முன்னராகவே மணியை அடித்து, அந்தக் காலோடு பின்கதவால் இறங்கிப் போனார். அந்தக் கதவுப் பக்கம் பஸ்ஸைப் பணிய வைக்க வழியில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. வியாழனும் இல்லை. அந்தத் தரிப்பிடத்தில் யாரும் நிற்காவிட்டாலும் நான் நிறுத்தினேன். பின்னால் இருந்த ஒரு அன்ரி, தம்பி ஆருக்கு நிக்கிறியள் என்று சத்தமாகக் கேட்டார். இந்த இடைவெளியில் லீக்குக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் முடிவு பிழை, அந்த ஆட்டக்காரர் நடிக்கவில்லை, அந்த அட்டையை நீக்கிவிடுங்கள் என்று நான்கு வரி. நான்கு வரிக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது. பருவம் முடிந்த ஆட்டத்தை ஏன் கிளறுகிறாய் என்று லீக்குக்காரர் போனில் எரிச்சல்பட்டார். கொப்பியையும் எடுத்து அந்த ஒன்பதாம் இலக்கத்தைப் பார்த்தேன். பிறகு அதில் இருந்த எல்லா இலக்கங்களையும் பார்த்தேன். எத்தனை பேரை ஆட்டம் தொடங்குவதற்கு முன்னரே தண்டித்திருக்கிறேன் என்று நினைக்கப் பயமாக இருந்தது.

பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முந்திய வாரம், செவ்வாய்க்கிழமை, அவர் நின்றார். ஒரு ஊன்றுகோல்தான் இப்போது. பக்கத்தில் நீளக் கால்களோடு ஒரு பெண்பிள்ளை, தலைமயிரை இறுக்கிக் கட்டியிருந்தாள். பஸ்ஸைப் பணிய வைத்தேன். இருவரும் ஏறினார்கள். நாங்கள் இன்றைக்குக் கடைசி மட்டும் வருவோம் என்று மட்டும் சொன்னார். கிளினிக் வந்தது, போனது.

கடைசித் தரிப்பிடத்தில் எனக்கு ஆறு நிமிட ஓய்வு. மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, தடுப்பைத் திறந்து வெளியே வந்தேன். உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு முன்னால் நிற்கக் கூச்சமாக இருந்தது, எதிர் இருக்கையில் அமர்ந்தேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், வளர்ந்துவிட்டாள். அவளிடம்கூட நான் மன்னிப்புக் கேட்டதாக நினைவில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நேராகவே சொன்னேன். உன் அப்பாவுக்குச் சிவப்பு அட்டை காட்டியது நான், அது பிழை, அவர் பொய்யுக்கு விழவில்லை, அவருடைய கால் அறுந்ததால் விழுந்தார். லீக்குக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தகப்பன் யன்னல் பக்கம் திரும்பி இருந்தார். அப்பா சொல்லித்தான் இதைச் சொல்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை, நான்தான் முதலில் அப்பாவுக்குச் சொன்னேன், அதற்காக அவர் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை என்றேன். அதை அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, கனடாப் பிள்ளைகளின் அந்தத் தெளிவான ஆங்கிலத்தில், கோபமே இல்லாமல், ஒன்று கேட்டாள்.

"அண்டைக்கு நீங்கள் கண்டனீங்களா, நினைச்சனீங்களா?"

பன்னிரண்டு வருடம் விசில் ஊதியிருக்கிறேன். அணித்தலைவர்கள், பயிற்சியாளர்கள், குடித்துவிட்டு வந்த மாமன்மார் என்று எத்தனையோ பேர் என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. நல்ல பதில்கள் இரண்டு மூன்று வாய்க்குள் வந்தன. கூட்டம், தூரம், வெளிச்சம். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"நினைச்சன்," என்றேன்.

அவள் தலையாட்டினாள். என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. தகப்பனின் பக்கம் திரும்பித் தங்கள் பாஷையில் ஏதோ கேட்டாள். அவர் பதில் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். கையால் முகத்தை ஒருதடவை துடைத்துக்கொண்டு திரும்பச் சொன்னார், இந்தமுறை சிரித்துக்கொண்டே. அவள் தன் தோளை அவருடைய தோளில் முட்டக் கொடுத்தாள். நான் எழுந்து போய் என் இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். இன்னும் ஒரு நிமிடம் மிச்சம் இருந்தது.

திரும்பி வரும் வழியில் கிளினிக் வாசலில் நிறுத்தினேன். பிள்ளை முதலில் துள்ளி இறங்கி, தகப்பனுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் எனக்குப் பக்கத்தில் வந்து ஒரு கணம் நின்றார். அவள் உங்களிடம் என்ன கேட்டாள் என்று நான்தான் கேட்டேன்.

"சனிக்கிழமை ட்ரெயினிங் எத்தினை மணிக்கு எண்டு," என்றார்.